பரணில் கிடக்கும் கம்ப்யூட்டரை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

வீட்டில் சும்மா கிடக்கிற லேப்டாப்பை யாருக்காவது கொடுக்கலாம் என்று தோன்றினால் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். பரணில் ஏற்றிவிட்டால் இரண்டு வருடத்தில் பேட்டரி செத்துவிடும், சார்ஜர் எங்கே போனதென்று தெரியாது, அப்புறம் காயலான் கடைதான் கதி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஓ பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை ஏற்பதில்லை. அதனால்தான் நன்றாக ஓடுகிற எத்தனையோ மெஷின்கள் இப்போது மூலைக்குப் போகின்றன.

முதலில் ஆளைப் பிடியுங்கள், மெஷினை அப்புறம் தொடலாம். மாலை டியூஷன் நடத்துகிறவர், ஊர் நூலகம், கல்லூரியில் சேர்ந்திருக்கும் பக்கத்துத் தெருப் பிள்ளை, யாராக இருந்தாலும் எதற்கு வேண்டும் என்று கேளுங்கள், நாளைக்கு ஒரு கோளாறு வந்தால் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்துக்குப் பத்து கம்ப்யூட்டர் கொடுப்பதைவிட ஆர்வமுள்ள ஒரே ஆசிரியரிடம் ஒன்று கொடுப்பது எவ்வளவோ மேல். அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு கடிதத்தோடு கொடுங்கள், இருப்புப் பதிவேட்டில் ஏற்ற அது உதவும்.

அடுத்தது உங்கள் தகவல்கள், இதில் மட்டும் சோம்பல் கூடாது. வேண்டியதைக் காப்பி எடுத்துக்கொண்டு மற்றதை டெலீட் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஹார்ட் டிஸ்க்கில் குயிக் ஃபார்மட் (கோப்புப் பட்டியலை மட்டும் அழிக்கிற வேகமான ஃபார்மட்) அடித்த பிறகும் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை வைத்தே ஆதார் நகலையும் பாஸ்புக் படத்தையும் மீட்டுவிடலாம். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் டிஸ்க்கைத் துடைக்கிற என்வைப் (nwipe) மென்பொருளால் முழு டிஸ்க்கையும் ஒரு முறை பூஜ்ஜியங்களால் நிரப்பிவிடுங்கள், ஏழு தடவை எழுத வேண்டும் என்பதெல்லாம் பழைய பேச்சு. 500 ஜிபி டிஸ்க்குக்குச் சில மணி நேரம் ஆகும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். எஸ்எஸ்டி, அதாவது சுழலாத சிப் வகை டிஸ்க், தன் உள்ளே தகவல்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் இந்த வழி அதற்கு முழுதாகப் பலிக்காது, பயாஸிலோ (மெஷினை ஆன் செய்ததும் போகக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) டிஸ்க்கைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளிலோ செக்யூர் இரேஸ் என்ற முழு அழிப்பு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மேக்புக் என்றால் ஐகிளவுடிலிருந்து வெளியேறி ஃபைண்ட் மை வசதியை அணைத்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் புதியவை பலவும் பழைய சொந்தக்காரரின் பாஸ்வேர்டைக் கேட்கும் ஆக்டிவேஷன் லாக்கில் மாட்டிக்கொள்ளும், வாங்கியவருக்கு அது வெறும் பலகைதான்.

சரி, இப்போது அதை ஓடவைக்கலாம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள், பழைய மெஷினுக்கு இதைப்போல் உயிர் கொடுப்பது வேறெதுவும் இல்லை. ரேம் 4 ஜிபி இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற எடை குறைந்த பதிப்பு தாராளமாக ஓடும், அதைவிடக் குறைவென்றால் இன்னொரு லேசான லினக்ஸான லுபுண்டுவை முயன்று பாருங்கள். கடிதம், கணக்குக்கு லிப்ரெஆஃபிஸ், தமிழ்99 விசைப்பலகை, சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரீ (GCompris) கல்வி விளையாட்டுகள், நெட் இல்லாத இடம் என்றால் இறக்கி வைத்ததைப் படிக்க உதவும் கிவிக்ஸில் (Kiwix) தமிழ் விக்கிப்பீடியா, இவற்றையும் ஏற்றிவிட்டால் வாங்குகிறவர் ஸ்விட்சைப் போட்ட அன்றே உட்கார்ந்து வேலை செய்யலாம். ஒவ்வொரு முறையும் தேதி தப்பாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலும் சிஆர் 2032 தான். சார்ஜர், கீபோர்டு, மவுஸ், மானிட்டர் கேபிள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டி, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டுங்கள். பேட்டரி நிற்காது, கரண்டில் மட்டும்தான் ஓடும் என்றால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

ஓடாத மெஷினுக்கும் வழி இருக்கிறது. ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் கழற்றிப் பூட்டிப் பழகச் செத்த மெஷின் போதும், பக்கத்தில் இருப்பதைக் கேட்டுப் பாருங்கள். சர்வீஸ் கடைக்காரர்கள் ரேமையும் டிஸ்ப்ளேவையும் உதிரிக்கு எடுத்துக்கொள்வார்கள். உப்பிய லேப்டாப் பேட்டரியையும், கண்ணாடியில் ஈயம் கலந்த பழைய டப்பா மானிட்டரையும் மட்டும் யார் தலையிலும் கட்டாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். அவற்றை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும், பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது.