படகில் யாரைத் தள்ளுவது? காலநிலைக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலநிலைப் புனைவு, அதாவது காலநிலை மாற்றத்தைப் பற்றிய கதை, எழுத உட்காரும் பலருக்கும் முதலில் தோன்றுவது ஒரே காட்சிதான். ஊரெல்லாம் தண்ணீர், ஒரே ஒரு படகு, இடம் பத்துப் பேருக்கு, ஆள் இருபது. யாரைத் தள்ளிவிடுவது? ஏதோ பெரிய அறக்கேள்வி போலத்தான் தெரியும். 1974-இல் அமெரிக்க உயிரியலாளர் காரட் ஹார்டின் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார். பணக்கார நாடு ஒரு படகு. அதில் ஐம்பது பேர், இன்னும் பத்துப் பேருக்கு இடம், தண்ணீரில் தத்தளிப்பவர்கள் நூறு பேர். எல்லாரையும் ஏற்றினால் எல்லாரும் முழுகுவோம், எனவே ஏற்றாதீர்கள் என்றார். அந்த நூறு பேர் தண்ணீருக்குள் எப்படி வந்தார்கள் என்பது அவருக்குப் பெரிய கவலையாக இல்லை. கதை எழுதுகிறவர்களின் முதல் தவறும் இதுதான். பற்றாக்குறையை வானத்திலிருந்து விழுந்ததாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு நடப்பதை மட்டும் எழுதுகிறார்கள்.

நிஜமாகவே அப்படி ஒரு படகு இருந்தது. 1884-இல் மிக்னொனெட் என்ற சிறு பாய்மரக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குக் கிளம்பி, தெற்கு அட்லாண்டிக்கில் முழுகியது. நான்கு பேர் ஒரு சின்னப் படகில் தப்பினார்கள். கையில் இருந்தது இரண்டு டின் டர்னிப் கிழங்கு. குடிக்கத் தண்ணீர் கிடையாது. நடுவில் ஓர் ஆமை கிடைத்தது. மூன்று வாரம் ஆகப்போகும் நேரத்தில், கடல்நீரைக் குடித்துச் சுருண்டு கிடந்த பதினேழு வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கரைக் கேப்டன் டட்லி கொன்றார். படகில் இருந்த மற்ற இருவரில் ஸ்டீபன்ஸ் சம்மதித்தார். புரூக்ஸ் சம்மதிக்கவில்லை, ஆனால் அந்த உடலைச் சாப்பிட்டார். சில நாளில் ஒரு ஜெர்மன் கப்பல் வந்து காப்பாற்றியது. உயிர் பிழைக்க வேறு வழியில்லை என்பது கொலைக்குச் சமாதானம் ஆகாது என்றது நீதிமன்றம். மரண தண்டனை விதித்தார்கள், பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது.

எந்த உயிர் பெரிது என்று அளப்பது யார் என்று நீதிபதிகள் கேட்டார்கள். அளந்தவர்களே பிழைத்தவர்களாகவும் இருந்தார்கள். கடலோடிகளின் பழைய வழக்கப்படி, யார் சாவது என்று சீட்டுகூடப் போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. அந்தக் கப்பல் இத்தனை நீளப் பயணத்துக்குக் கட்டப்பட்டதே இல்லை. ஆஸ்திரேலிய வழக்கறிஞர் ஒருவர் அதை விலைக்கு வாங்கி, ஓட்டி வர ஆள் அமர்த்தினார். அவர் அதில் ஏறவில்லை. காலநிலைக் கதை எழுதுவதாக இருந்தால் நான் அந்த விற்பனையிலிருந்துதான் தொடங்குவேன்.

அடுத்த தவறு, வில்லனை அரக்கனாக்குவது. தண்ணீரைப் பதுக்கிக்கொண்டு சிரிக்கிற முதலாளி நமக்கு சினிமாவிலேயே போதுமான அளவு கிடைத்துவிட்டார். ரிச்சர்ட் டெம்பிளைப் பாருங்கள். 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசியை இறக்கி, சாவு மிகக் குறைவாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்ட பிரிட்டிஷ் அதிகாரி. அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, கண்டபடி செலவு செய்துவிட்டார் என்ற திட்டு. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-இல், அதே மனிதரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். நாளெல்லாம் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். உழைக்கிற உடம்புக்கு இது பத்தாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியை உயர்த்தினார்கள், அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். உயிரைக் காப்பாற்றத் தெரிந்தவர், மேலிடத்துத் திட்டுக்குப் பிறகு படியைக் குறைக்கிறார். எந்த அரக்கனை விடவும் இவர் பயங்கரமானவர், ஏனென்றால் இவர் செய்ததை நாமும் செய்திருக்கக்கூடும்.

பேரிடர் வந்த மறுநாளே மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதாக எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் கொலை, வன்புணர்வு, கொள்ளை என்று வதந்தி கொடிகட்டிப் பறந்தது. பிறகு விசாரித்தபோது பெரும்பாலானவை மிகை அல்லது பொய். ஆனால் அவற்றை நம்பி, வெள்ளத்தில் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த போலீஸைத் திருப்பிக் கொள்ளையைத் தடுக்க அனுப்பினார்கள். டான்ஸிகர் பாலத்தில் போலீஸ் சுட்டதில் ஆயுதமில்லாத இருவர் இறந்தார்கள். இந்தப் பக்கம் 2018 கேரள வெள்ளத்தில், மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கரை சேர்த்தார்கள். சரி, அதற்காக எல்லாரையும் தேவதையாக்கவும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதும் நடந்ததுதான். சோறு போடுகிற கையே சாதியும் பார்க்கும். கதைக்கு வேண்டியது அந்தக் கைதான்.

அப்புறம், பிரளயம் ஒரே நாளில் வரவேண்டும் என்ற அவசரம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தபோது சென்னையில் யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. குடத்தை வரிசையில் வைத்தார்கள். ஆள் வேலைக்குப் போயிருந்தாலும் குடம் இடம் பிடித்து நிற்கும். லாரி வருகிறது, மூன்றாவது வீட்டுக்காரி இன்னும் வரவில்லை. அவள் குடத்தை நிரப்பி வைப்பீர்களா, நகர்த்திவிட்டு உங்கள் குடத்தை வைப்பீர்களா? ஐந்து பேர் உள்ள வீட்டுக்கும் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கும் ஒரே கணக்கா? தெருவில் ஒருவர் மட்டும் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக இறக்கினால், அவரிடம் போய்ச் சொல்வது யார்? எங்கள் தண்ணீரை ஏன் தூக்கிப்போகிறீர்கள் என்று ஜோலார்பேட்டைப் பக்கம் கேட்டவர்களுக்கு அந்தத் தெரு என்ன பதில் சொல்லும்?

சில்லறைத் தவறுகளும் உண்டு. விஞ்ஞானி பாத்திரம் மூன்று பக்கம் வகுப்பெடுப்பது, ‘மனித இனம் செய்த பாவம்’ என்று ஏசி வைத்திருப்பவரையும் விறகு பொறுக்குபவரையும் ஒரே கூண்டில் ஏற்றுவது, மக்கள்தொகைதான் காரணம் என்று ஏழைகள் தலையில் கட்டுவது. கடைசிப் பத்தியில் ஒரு குழந்தை பனை விதை நடுவதையும் விட்டுவிடலாம். பனை காய்க்கப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். இந்த வருடச் சண்டை எந்த இடத்தில் நிற்கிறதோ, கதையையும் அங்கேயே நிறுத்தினால் போதும்.