வயிற்றுக் கிருமிக்கு 14 நாள் மருந்து: இடையில் விடாமல் முடிப்பது எப்படி?

இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடிய எச். பைலோரி என்ற பாக்டீரியாக் கிருமிக்கு ஆன்டிபயாடிக் தொடங்கிய மூன்றாம், நான்காம் நாளிலேயே பலருக்கு வயிற்றெரிச்சல் அடங்கிவிடும். "சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?" என்று தோன்றும். சிகிச்சை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். எரிச்சலை அடக்கியது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. கிருமி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

முதலில், ஏன் இத்தனை நாள்?

இந்தக் கிருமி இரைப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் சளிப் படலத்துக்குள் புதைந்து வாழ்கிறது. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. வளர்வதும் மெதுவாகத்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் இதை ஆய்வகத்தில் வளர்க்கப் பலமுறை முயன்றார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு வளர்ப்புத் தட்டுகளை எறிந்துவிடுவது அங்கே வழக்கம். 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் தட்டுகள் கூடுதல் நாட்கள் கிடந்தபோதுதான் கிருமி கண்ணுக்குத் தெரிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். அமிலம் கடுமையாக இருந்தால் கிருமி பெருகாமல் பதுங்கிக் கிடக்கும். அதனால்தான் ஆன்டிபயாடிக்கோடு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்து வருகிறது. அது முழு வீச்சுக்கு வரவே சில நாள் ஆகும். முன்பு 7 நாள் போதும் என்று கொடுத்ததும் உண்டு. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பிறகு, பெரும்பாலான கூட்டு மருந்துகளுக்கு இப்போது 14 நாள் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் சீட்டில் மருத்துவர் 10 நாள் என்று எழுதியிருந்தால் அதுவே உங்கள் கணக்கு.

தொடங்கும் முன்

பென்சிலின் ஒவ்வாமை, கர்ப்பம், தாய்ப்பால், வேறு நோய்களுக்குச் சாப்பிடும் மருந்துகள், முன்பு எப்போதாவது எடுத்த ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எந்த மருந்து உங்களிடம் பலிக்கும் என்பதற்கு அதுவே நல்ல துப்பு.

அட்டவணை போடுங்கள்

நினைவை நம்பாதீர்கள். பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் மூன்றோடு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்த நான்கு மருந்துச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் நாளுக்கு நான்கு வேளை வரும்; 14 நாளுக்கு 56 வேளை. ஒரு தாளில் 56 கட்டம் போட்டு, விழுங்கியதும் அடியுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரை பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. டெட்ராசைக்ளினைப் பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். மருந்து உடலில் சரியாகச் சேராது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக விழுங்க வேண்டாம்.

இடையில் வரும் தொல்லைகள்

வாயில் உலோகக் கசப்பு, குமட்டல், லேசான வயிற்றுப்போக்கு வரலாம். பிஸ்மத் சாப்பிட்டால் நாக்கும் மலமும் கறுக்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், மருந்து முடிந்ததும் போய்விடும். மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மது கூடாது. தொல்லை தாங்கவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் உடல் முழுக்கத் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்றால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மலத்தில் இரத்தம், நிற்காத வயிற்றுப்போக்கு, தார் போல ஒட்டும் மலத்தோடு தலைச்சுற்றல் இருந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

முடிந்ததும் சோதனை

இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். எரிச்சல் இல்லை என்பது கிருமி ஒழிந்ததற்குச் சான்று ஆகாது. கடைசி ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, மூச்சுச் சோதனையோ மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடும் மல ஆன்டிஜன் சோதனையோ செய்யச் சொல்வார்கள். அதற்கு முன் அமிலம் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது, கிருமி செத்த பிறகும் அது நெடுநாள் 'உண்டு' என்றே காட்டும்.

கிருமி இன்னும் இருந்தால் மனம் உடைய வேண்டாம், இரண்டாவது சுற்று இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் வேறு மருந்துகளைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றின் சீட்டையும் கட்டம் அடித்த தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.