உளவுப் படங்களில் சதுரங்கம்: பலகை காட்டிக்கொடுக்கும் தவறுகள்

பனிப்போர்க் காலத்து உளவுப் படம் என்றால் எங்காவது ஒரு சதுரங்கப் பலகை இருந்தே தீரும். கார், தொப்பி, தொலைபேசி என எல்லாவற்றுக்கும் காலம் பார்த்து அலைகிற கலைக்குழு, பலகையை மட்டும் பக்கத்துக் கடையில் வாங்கிவந்து வைத்துவிடும். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பலகையைத் திருப்பி வைப்பது மிகப் பழைய தவறு. ஆடுபவரின் வலதுகைப் பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்திலும் கறுப்பு ராணி கறுப்பிலும் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும் பிழை இது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. 1955இல் நடக்கும் கதையில் ஒருவரை "2600 புள்ளி ஆட்டக்காரர்" என்று அறிமுகப்படுத்த முடியாது. ஆட்டக்காரரின் பலத்தை எண்ணால் அளக்கும் எலோ தரப்புள்ளி முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றது 1960இல், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றது 1970இல். மேசையில் டிஜிட்டல் கடிகாரமும் கூடாது. முள் பன்னிரண்டைத் தொட்டதும் சிறு கொடி விழுகிற இரட்டைக் கடிகாரம்தான் அன்று இருந்தது. கொடி விழுவதைப் போல ஒரு காட்சி எந்தத் திரையிலும் எடுபடுமே, அதை ஏன் விட வேண்டும்? சாம்பல் கிண்ணங்களையும் மறக்க வேண்டாம். அன்றைய போட்டி அரங்குகள் புகை மண்டிக் கிடந்தன. எதிராளியின் புகை தன்னைத் தொந்தரவு செய்யாதபடி பழகிக்கொள்ள, பயிற்சி ஆட்டங்களில் தன் முகத்தில் புகை ஊதச் சொன்னவர் உலகச் சாம்பியன் போட்வின்னிக்.

வசனம் எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது நகர்வுகளின் பெயரில். 'இ4' என்று கட்டத்துக்கு ஒரே பெயர் வைக்கும் முறை ரஷ்யர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் பழக்கமானது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் 1970கள் வரையிலும் 'ராஜா வரிசை நான்கு' என்கிற முறையிலேயே பெரும்பாலும் எழுதினார்கள். அதில் ஒரே கட்டத்துக்கு வெள்ளையின் பக்கமிருந்து ஒரு பெயர், கறுப்பின் பக்கமிருந்து வேறு பெயர். லண்டன் உளவாளியும் மாஸ்கோ உளவாளியும் ஒரே ஆட்டத்தை எழுதிய இரண்டு தாள்கள் ஒன்றுபோல இருக்கவே இருக்காது. சங்கேதக் கதை எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தமிழில் மொழிமாற்றம் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. நமக்கு யானை மூலையில் நிற்கும், நேராகப் போகும். ரஷ்ய மொழியில் யானை என்று பெயர் பெற்ற காய் குறுக்காகப் போகும். அது நம் மந்திரி. அவர்களுடைய மூலைக் காய் படகு. அவர்கள் நம் ராணியை அழைக்கும் 'ஃபெர்ஸ்' என்ற சொல்லோ, மந்திரியைக் குறித்த பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அகராதியை நம்பி மொழிபெயர்த்தால் படை முழுவதும் இடம் மாறிவிடும்.

பலகையில் காய்களை மனம்போனபடி பரப்பாமல் உண்மையான ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வது நல்லது. 1963இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' அப்படித்தான் செய்தது. 1960இல் லெனின்கிராடில் சோவியத் கிராண்ட்மாஸ்டர் ஸ்பாஸ்கி, சக நாட்டவரான பிரான்ஸ்டைனை வீழ்த்திய ஆட்டம் அதில் வருகிறது. ஆனால் டி4, சி5 கட்டங்களில் இருந்த இரண்டு வெள்ளைச் சிப்பாய்களைப் படத்தில் காணோம். வெற்றி தேடித்தரும் குதிரை வந்து அமர்வது இ5இல். டி4 சிப்பாய்தான் அதற்குத் தாங்கல். அதை எடுத்துவிட்டால் மேதையின் தாக்குதல் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. எடுத்தால் முழு ஆட்டத்தையும் எடுக்க வேண்டும்.

கிராண்ட்மாஸ்டர் ஒருவர் எதிர்பாராத செக்மேட்டில் அதிர்ந்து போவதும் வேண்டாம். அவர் பல நகர்வுகளுக்கு முன்பே தோல்வியைப் பார்த்து ஒப்புக்கொண்டு எழுந்துவிடுவார். பரபரப்புதான் வேண்டுமென்றால் அந்தக் காலத்து ஒத்திவைப்பு முறை இருக்கிறது. நேரம் முடிந்ததும் ஒருவர் தன் அடுத்த நகர்வை ரகசியமாக எழுதி உறையிலிட்டு நடுவரிடம் கொடுப்பார். உறை மறுநாள்தான் பிரிக்கப்படும். அந்த ஓரிரவை வைத்தே ஒரு படம் எடுக்கலாம்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறு. மேதை உளவாளி என்றால் சதுரங்கத்திலும் புலி என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் சங்கேத முறிப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மனியின் எனிக்மா சங்கேத இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய ஆலன் டூரிங் சதுரங்கத்தில் சுமார்தான். அங்கிருந்த உண்மையான ஆட்டக்காரர்கள் ஹியூ அலெக்சாண்டர், ஸ்டூவர்ட் மில்னர்-பேரி, ஹாரி கோலம்பெக். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது மூவரும் பியூனஸ் அயர்ஸில் ஒலிம்பியாட் ஆடிக்கொண்டிருந்தார்கள். போருக்குப் பிறகும் அலெக்சாண்டர் பிரிட்டனின் சங்கேதப் பணியிலேயே தொடர்ந்தார். அதனாலேயே சோவியத் பக்கத்து நாடுகளில் நடந்த போட்டிகளுக்கு அவர் போக முடியவில்லை. ரகசியம் தெரிந்த ஆளைச் சதுரங்கம் ஆட மாஸ்கோவுக்கு அனுப்பும் கதை எழுதுபவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் அமெரிக்கரான ஃபிஷரும் சோவியத்தின் ஸ்பாஸ்கியும் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக மோதியபோது, ஏதோ கருவி ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்று சோவியத் தரப்பு புகார் கொடுத்தது. நாற்காலிகளை எக்ஸ்ரே எடுத்தார்கள், விளக்கைச் சோதித்தார்கள். விளக்கில் கிடைத்தவை இரண்டு செத்த ஈக்கள்.