உடைந்த போல்ட்டும் இடது டிரில் பிட்டும்: எங்கே தவறு நடக்கிறது?

பைக் சைலன்சரைக் கழற்றும்போது சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் 6 மி.மீ. ஸ்டட் (தலையில்லாத போல்ட்) மளுக்கென்று உடைந்துவிடும். பல பட்டறைகளில் உடனே செய்வது ஒன்றுதான். சாதாரண டிரில் பிட்டால் துளை போடுவார்கள், அதில் ஈஸி அவுட்டை (உடைந்த துண்டைக் கவ்விக் கழற்றும் கருவி) இறக்கி டேப் ரெஞ்சால் திருகுவார்கள். அதுவும் உள்ளேயே உடைந்தால், எளிய வேலை பெரிய செலவாகிவிடும். ஈஸி அவுட் கடினப்படுத்தப்பட்ட எஃகு. அதைச் சாதாரண எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டால் துளைக்க முடியாது, மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

இதற்கு முன்பே கையில் எடுத்திருக்க வேண்டியது இடது டிரில் பிட். சாதாரண பிட் கடிகாரத் திசையில் சுற்றி வெட்டுகிறது. நம் போல்ட்டுகளில் பெரும்பாலானவை அதே திசையில்தான் இறுகும். அதாவது துளை போடும் ஒவ்வொரு நொடியும் உடைந்த துண்டை நாமே இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறோம். இடது பிட்டின் காடிகள் எதிர்ப்பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் சுற்றினால்தான் வெட்டும். அப்படி வெட்டும்போது அதன் விசை, அதிர்வு எல்லாமே போல்ட்டைக் கழற்றும் பக்கமாக வேலை செய்யும். பாதித் துளையிலேயே பிட் துண்டைக் கவ்விப்பிடித்து வெளியே கொண்டுவந்துவிடுவது உண்டு. அப்படி வராவிட்டாலும் நஷ்டமில்லை, ஈஸி அவுட்டுக்கு எப்படியும் துளை வேண்டும்தானே? எனவே இந்த பிட்டைக் கடைசி முயற்சியாக ஒதுக்கி வைப்பதுதான் முதல் தவறு.

டிரில்லை ரிவர்ஸில் போட மறப்பது அடுத்தது. ஃபார்வர்டில் ஓடினால் பிட் வெட்டாது, தேய்க்கும். வெட்டவில்லையே என்று இன்னும் அழுத்தினால் முனை நீலம் பாய்ந்து மழுங்கும், போல்ட்டின் மேல்பரப்பும் பளபளவென்று கெட்டிப்படும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக இருந்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பு. ஹேமர் மோடு அணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, பிட்டைப் பிடித்திருக்கும் சக். பல ஹேண்ட் டிரில்களில் சக், சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் வலது மரையால் பிடித்திருக்கிறது. ரிவர்ஸில் பாரம் விழும்போது சக்கே கழலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் சக்கின் தாடைகளுக்கு நடுவே, உள்ளே ஒரு இடது மரை ஸ்குரூ இருக்கும். தாடைகளை முழுக்கத் திறந்து, அது இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மரை ஸ்பிண்டில் உள்ள பழைய லேத்தில் ரிவர்ஸ் ஓட்டும்போதும் இதே ஆபத்து உண்டு. அங்கே கழன்று விழுவது பெரிய சக், அது ஆளையே காயப்படுத்தும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். துளை நடுவில் விழாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஸ்டட் எஃகு, ஹெட் அலுமினியம். பிட் கொஞ்சம் ஓரம் போனாலும் மென்மையான அலுமினியத்துக்குள்தான் நழுவும், மரையும் போய்விடும். உடைந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும்போது சென்டர் பஞ்ச் அடித்தாலும் பயனில்லை, பஞ்சும் பள்ளத்துக்கே சறுக்கும். முதலில் அந்த முகத்தை டை கிரைண்டராலோ சிறிய அரத்தாலோ மட்டமாக்குங்கள். துண்டு உள்ளே தள்ளி உடைந்திருந்தால் லேத்தில் ஒரு சிறிய புஷ் (பிட்டை நடுவில் நிறுத்தும் குழாய்) கடைந்துகொள்ளுங்கள். போல்ட் துளைக்குள் உரசாமல் நுழையும் வெளி அளவும், நடுவில் பிட்டுக்கான துளையும் இருந்தால் போதும். அரை மணி நேர வேலை, ஆனால் ஒரு சிலிண்டர் ஹெட்டைக் காப்பாற்றும். பிட் வாங்கும்போது 135 டிகிரி ஸ்பிளிட் பாயிண்ட் கேட்டு வாங்குங்கள். 118 டிகிரி முனையைவிட அது அலைவது குறைவு.

முதலில் போடும் சிறிய பைலட் துளையைச் சாதாரண பிட்டால் போட்டுவிட்டு, பெரிய பிட்டை மட்டும் இடதாகப் போடுவதும் சரியல்ல. துண்டு அடித்தளத்தில் முட்டி நின்றால் அந்தச் சிறிய பிட்டே அதை இறுக்கிவிடும். அதனால் இடது பிட்டை ஒற்றையாக வாங்காமல் செட்டாக வாங்குவது நல்லது. 6 மி.மீ. ஸ்டட் என்றால் 3 மி.மீ.யில் தொடங்கி 4, 4.5 என்று ஏறுங்கள். 1 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) உள்ள அந்த மரைக்கு டேப் துளை, அதாவது மரை வெட்டும் முன் போடும் துளை, 5 மி.மீ., அதைத் தாண்டினால் ஹெட்டின் மரையையே தின்றுவிடுவோம். 8 மி.மீ. போல்ட்டில் பிட்ச் 1.25 என்றால் எல்லை 6.8. துளை பெரிதாகப் பெரிதாகத் துண்டின் சுவர் மெலிந்து பிடி தளரும். அந்தக் கட்டத்தில்தான் துண்டு சுற்றத் தொடங்கும்.

வேகம் குறைவாகவே இருக்கட்டும். 5 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று போதும். கட்டிங் ஆயில் விட்டு, நிதானமாக, விடாமல் அழுத்துங்கள். ஆனால் துண்டு சுற்றத் தொடங்கியதும் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். வெளியே வர முயல்வதை நாமே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால் எப்படி வரும்? பிட் திடீரென்று கவ்வும்போது டிரில் உதறும் திசையும் வழக்கத்துக்கு மாறாக, கடிகாரப் பக்கமாக இருக்கும். பழகிய கை அதை எதிர்பார்க்காது. பக்கவாட்டுக் கைப்பிடியைப் போட்டு, மணிக்கட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா போல்ட்டும் ஒன்றல்ல. அதிகமாக முறுக்கித் தலை போன போல்ட்டில் மரை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும், இடது பிட் போட்டதுமே வர வாய்ப்பு அதிகம். துருவில் ஊறிப்போனதை வெறும் பிட்டை நம்பி எடுக்கப் பார்த்தால் பிட்தான் உடையும். பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஹாட் ஏர் கன்னால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அலுமினியம் விரியும், அதனால் பிடி இளகும்.

உடைந்தது இடது மரையா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளின் இடது பெடல் அச்சு அப்படித்தான். அதில் இடது பிட் போட்டால் இறுகும், சாதாரண பிட்டே கழற்றும் திசையில் சுற்றும்.

அப்புறம் சாணை. இடது பிட்டின் முனை, சாதாரண பிட்டின் கண்ணாடிப் பிம்பம். பழக்கத்தில் வழக்கம்போலவே சாணை பிடித்தால் வெட்டும் விளிம்புக்குப் பின்னால் சரிவு இல்லாமல் போய், பிட் வெறுமனே உரசும். பிட்டுகளைத் தனிப் பெட்டியில் வைத்தால் கலந்துபோகாது. கலந்துவிட்டால் பிட்டை நிமிர்த்திப் பிடித்து முன்பக்கக் காடியைப் பாருங்கள்: வலப்பக்கமாக ஏறினால் சாதாரண பிட், இடப்பக்கமாக ஏறினால் இடது பிட்.