மின்சாரக் கணக்கு, வெப்பக் கணக்கு: உதவி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்கு இந்தக் கணக்கு வரல, சொல்லித் தாங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது முழு விடைதான். அதை நோட்டில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த கணக்கும் அதே இடத்தில்தான் நிற்கும். எதுவரை போட்டீர்கள், எந்த வரியில் நின்றீர்கள் என்பதையும் சேர்த்துக் காட்டினால்தான் சொல்லித் தருபவருக்கு உங்கள் சிக்கல் பிடிபடும்.

உதாரணமாக, 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. 1/6 + 1/3 = 1/2. பலர் இங்கேயே நின்று 0.5 ஓம் என்று எழுதிவிடுவார்கள். தலைகீழாக்கினால் வரும் 2 ஓம்தான் விடை. பக்க இணைப்பில் மொத்த மின்தடை இருப்பதிலேயே சிறியதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று சரிபார்த்தாலும் 0.5 தப்பித்துவிடும், அதுவும் 3-ஐவிடக் குறைவுதானே! வழிமுறையைக் காட்டினால் பார்ப்பவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது, கேள்வியைச் சொந்த வார்த்தையில் சுருக்கிக் கேட்பது. "மின்தடை அதிகமுள்ள பல்பு நன்றாக எரியுமா?" இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அதே இரண்டு மின்தடைகளை 9 வோல்ட் பேட்டரியுடன் தொடரிணைப்பில் போட்டால் 1 ஆம்பியர் ஓடும். 6 ஓமில் 6 வாட், 3 ஓமில் 3 வாட் (வாட் அதிகமுள்ள பல்புதான் நன்றாக எரியும்). பக்க இணைப்பில் 6 ஓமுக்கு 13.5 வாட்தான், 3 ஓமுக்கு 27 வாட். விடை அப்படியே திரும்பிவிடுகிறது. அதனால் கேள்வியை உள்ளது உள்ளபடி, படத்தோடு கொடுங்கள். பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்று மனதில் வைத்திருப்பவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மாறாமல் இருப்பது பேட்டரியின் மின்னழுத்தம். மின்னோட்டம் சுற்றைப் பொறுத்து மாறும்.

வெப்பக் கணக்கில் "எந்த சூத்திரம் போடணும்?" என்று கேட்பதுதான் பெரிய வம்பு. 0 டிகிரியில் 100 கிராம் பனிக்கட்டியை 30 டிகிரியில் உள்ள 200 கிராம் தண்ணீரில் போடுகிறோம், இறுதி வெப்பநிலை என்ன? தண்ணீர் இழக்கும் வெப்பம் = பனிக்கட்டி உருகவும் பிறகு சூடாகவும் பெறும் வெப்பம் என்ற சூத்திரத்தை அப்படியே போட்டால் சுமார் மைனஸ் 6.5 டிகிரி வரும். போட்டதோ 0 டிகிரிப் பனிக்கட்டி. அதைவிடக் குளிர்ச்சி எங்கிருந்து வந்தது? பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது என்று யாரும் சொல்லாமலேயே நாம் வைத்துக்கொண்டதுதான் பிழை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குறைந்தால் 4.2 ஜூல் தரும்; ஆக, தண்ணீர் 0 டிகிரிக்கு வரும்வரை தரக்கூடியது 200 × 4.2 × 30, அதாவது 25,200 ஜூல். பனிக்கட்டி முழுக்க உருக, கிராமுக்கு 334 ஜூல் வீதம் 33,400 ஜூல் வேண்டும். பற்றாது. ஆகவே ஏறத்தாழ 75 கிராம் மட்டும் உருகும், வெப்பநிலை 0 டிகிரியிலேயே நிற்கும். "எனக்கு மைனஸ் வருது, ஏன்?" என்று கேட்டிருந்தால் உதவி நேராக அந்த இடத்துக்கு வந்திருக்கும். அபத்தமான விடையை வெட்கப்பட்டு அழிக்காதீர்கள், அதுதான் நல்ல துப்பு.

அலகுத் தவறுகளும் உண்டு. 20 டிகிரி செல்சியஸிலிருந்து 80-க்குச் சூடாக்கினால் வேறுபாடு 60. கெல்வினிலும் அதே 60தான். அதோடு 273-ஐக் கூட்டி 333 என்று போட்டால் வெப்பம் ஐந்து மடங்குக்கு மேல் வீங்கிவிடும்.

சரி, விளக்கம் கிடைத்துவிட்டது. படித்ததும் புரிந்த மாதிரிதான் இருக்கும். நோட்டை மூடி வைத்துவிட்டு, எண்களை மாற்றி நீங்களே போட்டுப் பாருங்கள்: தண்ணீரை 300 கிராமாக்கினால் பனிக்கட்டி முழுதும் உருகுமா? உருகினால் எத்தனை டிகிரியில் நிற்கும்?