வளாக மரங்களை மின்னணு வரைபடத்தில் பதிவு செய்யும் முறை

வளாகத்தின் மரங்களைக் கணக்கெடுக்க முனைவோர் எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் பெரும்பாலும் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதே மரத்தை ஐயமின்றிக் கண்டுபிடித்து, அதே இடத்தில் மீண்டும் அளக்க இந்தப் பதிவு உதவ வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தனி எண் கொடுங்கள். அந்த எண்ணில் இனத்தின் பெயரையோ கட்டடத்தின் பெயரையோ சேர்க்க வேண்டாம். இனம் பின்னர் திருத்தப்படலாம், கட்டடத்தின் பெயரும் மாறலாம்.

கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், கைப்பேசியில் அதனுடன் இணைந்து இயங்கும் கியூஃபீல்டு செயலி ஆகிய இரண்டும் இப்பணிக்குப் போதுமானவை. இரண்டும் இலவசம், முன்கூட்டியே தரவுகளைக் கைப்பேசியில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாத இடத்திலும் கியூஃபீல்டு இயங்கும். படிவத்தில் இனப் பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமையுங்கள். இல்லையெனில் ஒரே மரம் நான்கு எழுத்துக்கூட்டலில் நான்கு இனங்களாகிவிடும்.

இருப்பிடத்தைக் குறிப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. திறந்த வெளியிலேயே கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகக்கூடும். அடர்ந்த கிளைகளுக்கு அடியிலும் உயர்ந்த சுவர்களின் அருகிலும் பிழை இன்னும் கூடும். 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு மரங்கள் வரைபடத்தில் இடம் மாறிப்போவது இதனால்தான். ஜிபிஎஸ் காட்டும் புள்ளியைத் தொடக்கமாக மட்டும் கொண்டு, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அதைச் சரியான இடத்துக்கு நகர்த்துங்கள். மரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில், இரண்டு கட்டட மூலைகளிலிருந்து அடிமரம் வரையுள்ள தொலைவை நாடாவால் அளந்து புள்ளியை நிலைப்படுத்துவதே நம்பகமான வழி. அட்சரேகை, தீர்க்கரேகைகளில் 5 தசம இலக்கங்கள் ஏறத்தாழ 1 மீட்டர் நுட்பத்தைத் தருகின்றன. அதற்கு மேல் இலக்கங்களைச் சேர்ப்பதால் கைப்பேசி அளவீட்டின் துல்லியம் கூடிவிடாது.

அடிமரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது பரவலான வழக்கம். சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுங்கள். அளக்கும் இடத்தில் முண்டோ புடைப்போ இருந்தால் வேறு உயரத்தில் அளந்து, அந்த உயரத்தையும் தவறாமல் எழுதுங்கள். 1.3 மீட்டருக்குக் கீழேயே கிளை பிரிந்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே பதியுங்கள். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். மரத்தின் உயரத்துக்கு, சமதரையில் உச்சி 45 பாகைக் கோணத்தில் தெரியும் இடம்வரை பின்னே நகர்ந்து, மரத்துக்கும் உங்களுக்கும் இடையிலான தொலைவுடன் உங்கள் கண் மட்ட உயரத்தைக் கூட்டினால் போதும்.

இலையின் இருபுறம், பட்டை, பூ, காய் ஆகியவற்றைப் படமெடுத்து அறிவியல் பெயருடன் சேமியுங்கள். நெட்டிலிங்கத்தைப் பலர் அசோக மரம் என்றே அழைப்பதால், வழக்குப் பெயரை மட்டும் நம்பினால் வேறு இனம் பட்டியலில் ஏறிவிடும். படத்தைக் கொண்டு இனத்தை ஊகிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் காட்டும் பெயரை ஒரு துப்பாகக் கொள்ளலாமே தவிர முடிவாகக் கொள்ளக் கூடாது. உறுதியாகாத மரத்துக்கு 'உறுதி செய்யப்படவில்லை' என்று குறிப்பதே நேர்மையான பதிவு.

வெட்டப்பட்ட அல்லது சாய்ந்த மரத்தின் வரியை ஒருபோதும் அழிக்காதீர்கள். படிவத்தில் 'நிலை' என்ற கட்டத்தில் நாளையும் காரணத்தையும் எழுதிவிட்டு, அதே இடத்தில் நடப்படும் கன்றுக்குப் புதிய எண்ணைக் கொடுங்கள்.