ஊரில் சமாதானம் பேசும் பெண்களுக்கு ஒத்தாசையாக இருப்பது எப்படி

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கோயில் கொடைகள், அதாவது ஊர்த் திருவிழாக்கள்தான் என் பிழைப்பு. கொடையில் சண்டை எங்கே தொடங்கும் என்று போலீசுக்கு முன்னால் மைக் செட்காரனுக்குத் தெரிந்துவிடும். சப்பரம் வேறு சாதிக்காரர் இருக்கும் அடுத்த தெருவுக்குள் திரும்பும் இடத்தில் நாலு பையன்கள் வந்து, சாதிப் பெருமை பேசும் பாட்டைப் போடச் சொல்லி நிற்பார்கள். "அண்ணாச்சி, இந்தத் தெருவைத் தாண்டுற வரைக்கும் மேளம் மட்டும் போதும்" என்று சாயங்காலமே வந்து சொல்லிவிட்டுப் போவது, நான் பார்த்தவரை, பீடி சுற்றும் அக்காமார்தான்.

இரண்டு தெருப் பெண்களும் ஒரே பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்குகிறார்கள். எந்த வீட்டுப் பையன் கறுவிக்கொண்டு திரிகிறான் என்பது, கட்டு எண்ணிக் கொடுக்கும் வரிசையிலேயே பேச்சாகிவிடும். அவர்கள் வேலையை அவர்கள் செய்துகொள்வார்கள். நாம் செய்ய வேண்டியது அதைச் சுற்றியுள்ள வேலைகள்.

முதலில் கூலி. ஒரு சாயங்காலம் அடுத்த தெருவில் போய்ப் பேசிவிட்டு வந்தால் அன்றைக்குப் பீடி குறையும், கூலியும் குறையும். சமாதானத்துக்குப் போகும் பெண்ணின் வீட்டில் ஆம்பிளைகள் இலையை நனைத்து வைக்கலாம். தகட்டை வைத்துக் கத்தரித்துக் கொடுத்தால் பாதிச் சுமை போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பிள்ளைக்குச் சோறு போடுங்கள்.

அப்புறம் வாய். இதுதான் பெரிய வேலை. அடுத்த தெருவுக்கு ஒருத்தி இரண்டு தடவை போனால் போதும், "அவளுக்கு அங்க என்ன சோலி?" என்று டீக்கடையில் ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாம் நாள் அது நடத்தை பற்றிய பேச்சாகி, வீட்டுக்காரர் காதுக்குப் போய், அவள் வெளியே வருவதே நின்றுபோகும். அந்தப் பேச்சை முதல் டம்ளரிலேயே வெட்ட வேண்டும். "நம்ம பிள்ளைகள் கேஸ்ல மாட்டாம இருக்கத்தான்டே அக்கா அலையுது" என்று ஒரு ஆம்பிளை சத்தமாகச் சொன்னால் போதும். அவள் சாதிக்காரரே சொன்னால் இன்னும் எடுபடும்.

தாலுகா ஆபீஸ் சமாதானக் கூட்டத்தில் இரண்டு பக்கமும் வேட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும். ஐ.நா. பாதுகாப்பு அவை 2000-லேயே 1325-ஆம் தீர்மானம் போட்டு, சமாதானப் பேச்சில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றது. நம் தாசில்தார் மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போல. நாம் ஒரு மனு எழுதலாம்: இன்னின்ன சுயஉதவிக் குழுவிலிருந்து இரண்டு தெருப் பெண்களையும் கூப்பிடுங்கள் என்று. எழுதும் முன் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். கூட்டம் முடியக் கடைசி பஸ் போயிருக்கும். திரும்பி வர வண்டி ஏற்பாடு செய்யுங்கள். கிராம சபையிலும் இதைப் பேசலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று காத்திருந்தால் அதற்குள் கொடை முடிந்துவிடும்.

பையன்கள் விஷயத்தைத் தாய் தலையில் மட்டும் கட்டாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்தது. அம்மா அவிழ்க்கச் சொன்னால் பையன் முறைப்பான். தாய்மாமன் சொன்னால் கேட்பான். மாமன் கையிலும் கயிறு இருந்தால் முதலில் அது அவிழணும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். வெட்டு, அடி, சாதி சொல்லித் திட்டியது என்று ஆகிவிட்டால், புகாரை வாபஸ் வாங்க வைக்க இந்தப் பெண்களைத் தூது அனுப்பக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. அடிபட்டவரை வாயடைத்தால் அதற்குப் பெயர் சமாதானம் இல்லை. மிரட்டல் இந்தப் பெண்களுக்கே வந்தால் 181-க்கு அடிக்கலாம். ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள்.

கொடை நல்லபடியாக முடிந்ததும் மேடையேற்றிப் பொன்னாடை போடத் துடிப்பார்கள். என்னிடமும் பெயர் வாசிக்கச் சீட்டு வரும். அந்த அக்காவிடம் கேட்காமல் நான் வாசிப்பதில்லை. ஒரு தெரு மேடையில் பெயர் கேட்டால், அடுத்த தெருவில் அவரை எதிர்க்கட்சியாகப் பார்ப்பார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் அப்படித்தான்.